இரண்டாம் அளவு

பதிவேட்டின் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன.

பழைய தாளில் ஈரம் ஏறினால் ஒட்டும் என்பது அன்ரனிற்றாவுக்குத் தெரியும். கத்தோலிக்கக் கோயிலின் பங்கு அலுவலகத்தில் பதினாறு வருடமாக வேலை செய்கிறாள். ஆனால் ஈரத்தில் ஒட்டிய தாள்கள் சருகுபோல் சரசரத்துக்கொண்டுதான் பிரியும். இவை சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு பிரிந்தன, ஆறிப்போன ஆட்டுக்கறிக் குழம்பின் மேல் உறைந்த வெள்ளைப் படலம் கரண்டிக்கு வழிவிடுவதுபோல. பிரித்த விரல்கள் மேசைவிளக்கின் கீழே மினுங்கின. மூக்கருகே கொண்டுபோனாள். தூசி மணக்கவில்லை, பூஞ்சணமும் மணக்கவில்லை. கழுவாமல் மூடிவைத்த சட்டியை மூன்றாம் நாள் திறந்தால் வருகிற மணம், அதற்குள் எங்கோ இனிப்பாக இன்னொன்று. காகிதத் துவாயால் துடைத்தாள். துவாய் எண்ணெய் குடித்ததுபோல் மறுபக்கம் தெரிந்தது. சுடுநீரிலும் சவர்க்காரத்திலும் இரண்டு தரம் கழுவினாள். மத்தியானம் பாணைப் பிய்த்து வாயில் வைத்தபோது அந்த இனிப்பு நாக்கில் இருந்தது. மிச்சப் பாணைக் கடதாசியில் சுற்றிக் குப்பையில் போட்டாள்.

லேம்ஷைட் ஜெர்மனியின் ஐஃபெல் மலைப்பகுதியில், கொலோனிலிருந்து ஒன்றேகால் மணித்தியால ஓட்டத்தில் கிடக்கிற சின்னக் கிராமம். தொண்ணூற்றேழில் அகதி விண்ணப்பத்தோடு வந்த அன்ரனிற்றாவையும் கணவன் பீலிக்ஸையும் அதிகாரிகள் அங்கே, பாதிரியார் இல்லாமல் கிடந்த குருமனையின் மேல்மாடியில் குடியமர்த்தினார்கள். மன்னார் மணலில் வளர்ந்த இருவருக்கும் அந்த ஊர் மண் முதலில் அதிசயமாக இருந்தது: நீலம் கலந்த சாம்பல் நிறக் களி, மழை விட்டு ஒரு கிழமையானாலும் சப்பாத்தைப் பிடித்து இழுக்கும். கூட வந்தவர்கள் கொலோனுக்கும் ஹம்பேர்க்குக்கும் போய்விட, இவர்கள் தங்கிவிட்டார்கள். பீலிக்ஸ் பாடசாலை பஸ் ஓட்டினான். மகன் யூட்சன் இப்போது கார்ல்ஸ்ரூஹேயில் படிக்கிறான். தங்கியதற்குக் காரணம் வேலை இல்லை. அலுவலக யன்னலுக்கு வெளியே, கோயிலின் வடக்குச் சுவரோடு ஒட்டிய சேமக்காலையின் கடைசிக் கல்லறை வரிசையில் அவர்களுடைய மூத்த பிள்ளை கொறற்றி கிடந்தாள். இரண்டாயிரத்து இரண்டாம் ஆண்டு மாசி மாதத்தில் பிறந்து பதினொரு நாள் இருந்தவள்.

இரண்டாயிரத்து இருபத்துநாலாம் ஆண்டு ஊருக்கு எழுநூறு வயது. பங்கின் வரலாற்றை மலராகப் போடுவதென்று முடிவாகி, ஓய்வுபெற்ற ஆசிரியை திருமதி கிரிங்ஸ் அதைப் பொறுப்பெடுத்திருந்தார். வியாழக்கிழமைகளில் அவர் வந்து பழைய எழுத்தை வாசிப்பார். அன்ரனிற்றா கணினியில் ஏற்றுவாள். பிரெஞ்சுப் படை கோயிலுக்குள் குதிரை கட்டிய வருடம், மின்னல் விழுந்து கோபுரம் எரிந்த வருடம், பீரங்கி வார்க்க மணியைக் கழற்றிக்கொண்டுபோன வருடம் எல்லாம் முடிந்து மரணப் பதிவேட்டுக்கு வந்திருந்தார்கள்.

"பெயர், தேதி, வயது, காரணம். அது போதும்," என்றார் கிரிங்ஸ். கையில் மெல்லிய பருத்தி உறை போட்டிருந்தார். உறையின் விரல் நுனிகள் மஞ்சளாகி இருந்தன.

"ஓரத்தில் இரண்டு எண்கள் இருக்கின்றனவே?"

"நீளம். பிரேதத்தின் நீளம்."

"இரண்டு தரம் ஏன்?"

கிரிங்ஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒன்று, புதைக்கும்போது. மற்றது, பிறகு அதே குழியைத் திறக்கும்போது. எங்கள் மண் உங்களுக்குத் தெரியும்தானே? காற்று போகாது, தண்ணீர் வடியாது. வைத்தது கரையாது. கொழுப்பு மெழுகாகி அப்படியே கிடக்கும். ஜெர்மனியில் எத்தனையோ சேமக்காலைகளில் இருக்கிற விஷயம். வெட்கப்பட ஒன்றுமில்லை."

 அன்ரனிற்றா தன் விரல்களைப் பார்த்தாள். திறந்த குழிக்கருகே நின்று அளந்துவிட்டு, அதே கையோடு பேனையைப் பிடித்திருப்பார்கள்.

கிரிங்ஸ் வாசித்துக்கொண்டே போனார். பெரும்பாலும் இரண்டு எண்களும் ஒன்றுபோலவே இருந்தன. பிறகு, அதே சீரான ஆசிரியைக் குரலில்: "அன்னா மார்கரேத்தா, வயது ஒன்பது நாள், காய்ச்சல். ஒரு அடி, எட்டு அங்குலம். இருபத்திரண்டு வருடத்துக்குப் பிறகு ஐந்து அடி, ஒரு அங்குலம்."

அன்ரனிற்றாவின் கை விசைப்பலகையில் நின்றது.

"பாதிரியார் பிழையாக எழுதியிருப்பார்," என்றார் கிரிங்ஸ். "அதை விடுங்கள். மலருக்கு வேண்டாம்." அப்படியே ஐந்து பக்கத்தைச் சேர்த்துப் புரட்டினார். அவர் முகத்தில் ஆச்சரியம் இருக்கவில்லை. அதைத்தான் அன்ரனிற்றா அன்று பின்னேரம் முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தாள்.

*

வடக்கு வரிசையை மூடப்போவதாக ஏற்கெனவே முடிவெடுத்திருந்தார்கள். கல்லுகளை அகற்றி, மேலே புல் விதைப்பது. கீழே இருப்பது கீழேயே இருக்கும். உரியவர்களுக்குக் கடிதம் எழுதியது அன்ரனிற்றாதான். மூன்றாவது உறையில் தன்னுடைய பெயரையும் பீலிக்ஸின் பெயரையும் தானே அடித்து, தானே முத்திரை ஒட்டி, தானே தபாலில் போட்டு, இரண்டு நாள் கழித்துத் தன் வீட்டுப் பெட்டியிலிருந்து எடுத்தாள்.

பீலிக்ஸின் தாய் பிளோறன்ஸ் போன வருடம் கொலோனில் செத்துப்போனா. கடைசிக் கிழமை ஆஸ்பத்திரியில் மருமகளின் கையைப் பிடித்து, "உந்தக் காட்டுக்குள்ள பிள்ளையைத் தனிய விட்டிடாதேங்கோ. என்னட்டக் கொண்டுவந்து வையுங்கோ," என்று கேட்டிருந்தா. இரண்டுபேரும் ஓம் என்றிருந்தார்கள். ஆகவே கடிதம் வந்த அன்றே பீலிக்ஸ் மேசையில் விண்ணப்பக் கடதாசிகளைப் பரப்பினான்.

"அன்ட்ராக் போட்டா எடுக்க விடுவாங்களாம். குளிர்காலத்திலதான் தோண்டுவாங்கள். கார்த்திகைக்குள்ள ரெர்மின் எடுத்து நாள் குறிக்கலாம்."

"என்ன கிடக்கப்போகுதப்பா அதுக்குள்ள," என்றாள்.

"ஒண்டுமில்லாட்டியும் ஒரு பிடி மண்ணாவது அம்மாவோட கிடக்கட்டும்."

ஒரு பிடி மண். களி கரைக்காது என்பதை அவள் அவனுக்குச் சொல்லவில்லை. அன்றிரவுச் சாப்பாட்டுக்கு அவன் கோழி பொரித்தான். சட்டியில் கொழுப்பு உருகி மினுங்கியதைக் கண்டதும் அவள் எழும்பிப்போய்க் குளியலறையில் வாயைக் கொப்பளித்தாள்.

*

இறந்தோரை நினைக்கிற சகல ஆத்துமாக்களின் நாள் சனிக்கிழமை வந்தது. பூசை முடிந்து, கல்லறைகளில் சிவப்பு விளக்குகளை ஏற்றிவிட்டு ஊர் கோப்பி குடிக்கப் போய்விட்டது. பூசைக் கருத்துகளை, எந்தப் பூசை யாருக்காக என்ற பட்டியலை, கணினியில் ஏற்றவேண்டியிருந்ததால் அன்ரனிற்றா அலுவலகத்தில் இருந்தாள். நாலு மணிக்கே வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது. யன்னலுக்கு வெளியே தைசன் நின்றார். கோயில் வேலையும் குழி வெட்டும் வேலையும் அவருடையதுதான், அவருக்கு முன்னே அவருடைய தகப்பனுடையது. கையில் அவருடைய உயரத்துக்கு ஒரு மெல்லிய இரும்புக் கம்பி.

ஒவ்வொரு வருடமும் இந்த நாளில் அவர் கம்பியோடு நிற்பதை அவள் கண்டிருக்கிறாள். நீர்மட்டம் பார்க்கிறார் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். இன்றைக்குத்தான் முழுவதையும் பார்த்தாள். வடக்கு வரிசையில் ஒரு சின்னக் கல்லின் முன்னே குனிந்து, கம்பியின் நுனியை மண்ணில் வைத்து, இரண்டு கையாலும், தேக்குச் சட்டத்தில் ஆணி இறக்குகிற பொறுமையோடு அழுத்தினார். கம்பி போய்க்கொண்டே இருந்தது. பிறகு ஏதோ மென்மையானதில் முட்டியதுபோல் அவருடைய தோள் ஒருமுறை அசைந்து நின்றது. இழுத்தெடுத்தார். நுனியை ஒரு சாக்குத் துண்டால் துடைத்தார். இரண்டு எட்டு வைத்தார், மூன்று எட்டு வைத்தார், மறுபடி இறக்கினார். அழுத்தி, சற்று இழுத்து, ஒரு சாண் தள்ளி மறுபடி. மற்ற முனையைத் தேடிக்கொண்டிருந்தார். கண்டுபிடித்ததும் அளவு நாடாவை எடுத்து இரண்டு துளைகளுக்கும் இடையில் பிடித்தார்.

அவர் குனிந்திருந்த கல்லில் கொறற்றியின் பெயர் இருந்தது.

அவள் எழும்பி யன்னல் பிடியில் கை வைத்தாள்.  தைசன் சப்பாத்தைத் தேய்த்துவிட்டு உள்ளே வந்தார். தலையை ஆட்டினார். சுவர் அலமாரியைத் தன் திறப்பால் திறந்து, புதிய பதிவேட்டை எடுத்து நின்றபடியே ஏதோ எழுதினார்.

"என்ன பார்த்தீர்கள்?" என்று கேட்டாள். 

"தண்ணீர்," என்றார்.

"என் பிள்ளையின் குழியில் எவ்வளவு தண்ணீர்?"

அவர் பேனையை மூடினார். அவருடைய கண்களில் குற்றம் இருக்கவில்லை. தோட்டக்காரன் நல்ல மரத்தைப் பற்றிப் பேசும்போது வருகிற ஒரு திருப்தி இருந்தது. "கவலைப்படாதீர்கள், திருமதி," என்று சொல்லிவிட்டுப் போனார். சாக்குத் துண்டை மேசை விளிம்பில் மறந்து விட்டிருந்தார். அதில் நகக்கண் அளவு வெள்ளை, பட்டர் பூசியதுபோல். அறையின் வெப்பத்தில் அது மெல்ல இளகி மரத்தில் பரவியது. அந்த மணம்.

அலமாரியை அவர் பூட்டாமலே போயிருந்தார்.

புதிய பதிவேட்டைப் பழகிய கையெழுத்தில் எழுதியிருந்தார்கள். அதை வாசிக்க அவளுக்கு யாருடைய உதவியும் தேவைப்படவில்லை. இரண்டாயிரத்து இரண்டு. கொறற்றி, வயது பதினொரு நாள். ஐம்பத்தொரு சென்ரிமீற்றர். அதற்குக் கீழே, பழைய பதிவேட்டில் ஒரு எண் இருந்த இடத்தில், ஒரு வரிசையே இருந்தது. இரண்டாயிரத்து நாலு: அறுபத்தாறு. இரண்டாயிரத்து ஏழு: எண்பத்தொன்பது. பதினொன்று: நூற்றுப் பதினாலு. பதினாறு: நூற்று நாற்பத்தொன்று. இருபத்தொன்று: நூற்று ஐம்பத்தேழு. கடைசி எண்ணின் மை இன்னும் காயவில்லை. நூற்று அறுபது.

யூட்சனை மருத்துவர் அளந்து மஞ்சள் புத்தகத்தில் பதிந்த வரிசையும் இப்படித்தான் இருந்தது. அந்தப் புத்தகத்தை அவள் ஆசையோடு திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறாள். இப்போது ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அதே ஆசை அவளுக்குள் எழும்பியது. வளர்ந்திருக்கிறாள். உடனே குப்பைக் கூடையைப் பிடித்துக்கொண்டு சத்தி எடுத்தாள். மத்தியானம் குடித்த பால் தயிராகி வந்தது.

*

பீலிக்ஸிடம் சொன்னாள். அவன் பஸ்ஸின் உள்பக்கத்தைக் கழுவிக்கொண்டிருந்தான். தும்புத்தடியை நிறுத்திவிட்டுக் கேட்டான்.

"பெட்டி சரிஞ்சு கிடக்கும், நிற்றா. மண் நகரும். உவர் கம்பியால குத்திப்போட்டு என்னத்தைக் கண்டவர்?"

"அளக்கிற ஒவ்வொரு தரமும் ஒழுங்கா நகருமோ?"

"பின்ன என்ன சொல்லுறாய் நீ? பிள்ளை வளருது எண்டோ?"

 தண்ணீர் பஸ்ஸின் படியால் வடிந்தது.

"எனக்கு எடுக்க வேண்டாம் போல கிடக்கு," என்றாள்.

"உந்தாள் இருபத்திரண்டு வருசமா என்ர பிள்ளையில கம்பி இறக்கியிருக்கிறான்." பீலிக்ஸ் தும்புத்தடியை வாளிக்குள் போட்டான். "இனி ஒரு நாளும் அவளை இஞ்ச விடேலாது. சொல்லிப்போட்டன்."

 அவன் சொன்னது சரி.

தோண்டுவதற்கு முதல் நாள் பின்னேரம் திருமதி கிரிங்ஸ் வீட்டுக்கு வந்தார். தானே செய்த கேக்கை வெள்ளைத் துணியில் மூடிக் கொண்டுவந்திருந்தார். துணியில் எண்ணெய் வட்டம் வட்டமாக ஊறியிருந்தது. பீலிக்ஸ் வேலைக்குப் போயிருந்தான். அன்ரனிற்றா துணியை விலக்கவில்லை. தட்டைத் தன்னிடமிருந்து எட்டத் தள்ளிவைத்தாள்.

"நாளைக்கு வேண்டாம்," என்றார் கிரிங்ஸ். "இன்னும் நேரம் இருக்கிறது. நிறுத்தச் சொல்லுங்கள்."

"ஏன்?"

"நாங்கள் எங்கள் ஆட்களை வெளியே எடுப்பதில்லை. எடுத்த வருடங்களும் உண்டு. பதிவேட்டில் இருக்கிறது, நான்தான் உங்களுக்கு வாசிக்கவில்லை. எடுத்தது யாருக்கும் நல்லதாக முடியவில்லை." அவர் மேசைக்கு மேலே கையை நீட்டி அன்ரனிற்றாவின் மணிக்கட்டைத் தொட்டார். விரல்கள் மெதுமெதுவென்று, ஈரமில்லாமல் வழுக்கின. "உங்கள் மகள் நன்றாக இருக்கிறாள்."

"என்ன சொன்னீர்கள்?"

"என் அம்மா அந்த வரிசைக்குப் பக்கத்தில்தான். என் அக்கா குழந்தையாகப் போனவள், அவளும். உங்களுக்கு இது எப்படிக் கேட்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் நீங்கள் இந்த ஊர்க்காரி, இருபத்தேழு வருடமாக. ஆகவே சொல்கிறேன். இங்கே யாரும் தனியாகக் கிடப்பதில்லை."

அன்ரனிற்றா கையை இழுத்தாள். தொட்ட இடம் மினுங்கியது.

"போங்கள்," என்றாள். "தயவுசெய்து போங்கள்."

கிரிங்ஸ் கோபப்படவில்லை. வாசலில் நின்று கோட்டைப் பொத்தானிட்டபோது அவருடைய கண்கள் நிறைந்திருந்தன. அவர் போனதும் அன்ரனிற்றா மணிக்கட்டைப் பாத்திரம் தேய்க்கிற கம்பிச் சுருளால் தேய்த்தாள். தோல் சிவந்து, பிறகு கசிந்தது. மினுக்கம் போகவில்லை. கேக்கை வெளியே கொண்டுபோய்க் கொட்டினாள். பக்கத்து வீட்டுப் பூனை ஓடிவந்து முகர்ந்தது, பின்வாங்கியது, தூரத்தில் குந்தியிருந்து அதையே பார்த்தது.

*

தோண்டுவதற்குக் குறித்த நேரம் காலை ஏழு மணி. பெற்றோர் வரவேண்டாம் என்று கடிதத்தில் எழுதியிருந்தார்கள். இருவரும் போனார்கள்.

மூடுபனி. கோபுரம் பாதிக்கு மேலே இல்லை. வடக்கு வரிசையைச் சுற்றி மறைப்புத் துணியாகப் பச்சைப் படங்கு கட்டியிருந்தது. கொலோனிலிருந்து வந்த வான் வண்டியிலிருந்து இரண்டு ஆட்கள் வெள்ளை உடுப்போடு இறங்கினார்கள். இளையவர் ஒரு துத்தநாகப் பெட்டியைத் தூக்கிவந்தார். ஒரு முழத்துக்கும் கொஞ்சம் கூட. ஒரு கையால் தூக்கினார்.

தைசன் வரவில்லை. அவருடைய கொட்டில் பூட்டிக் கிடந்தது. சேமக்காலைக்கு அப்பால், கிரிங்ஸின் வீட்டு மேல்யன்னலில் வெளிச்சம் இருந்தது. பக்கத்து வீட்டிலும். அதற்கடுத்த வீட்டிலும். எல்லா யன்னல்களிலும் ஆட்கள் நின்றார்கள்.

படங்குக்கு வெளியே அவர்கள் நின்றார்கள். மேல் மண்ணை இயந்திரம் எடுத்தது. பிறகு அது நின்றது, மண்வெட்டிகள் தொடங்கின. களி விடுபடும் ஒவ்வொரு தரமும் வாயிலிருந்து விரலை இழுப்பதுபோல் ஒரு சத்தம். பீலிக்ஸ் செபமாலையை உருட்டினான். அன்ரனிற்றா எண்ணிக்கொண்டிருந்தாள். முப்பது வெட்டு. நாற்பது. பிறகு மணம் வந்தது.

படங்குக்குக் கீழால், நிலத்தோடு நிலமாக வந்தது. கெட்ட சட்டி. பழைய வெண்ணெய். அந்த இனிப்பு. முன்பு அவளுக்குப் பெயர் தெரியாமல் இருந்த இனிப்பை இப்போது அடையாளம் கண்டாள். பால். குடித்துவிட்டு நித்திரையான பிள்ளையின் கழுத்து மடிப்பில் இருக்கிற, புளித்த பால்.

மண்வெட்டிகள் நின்றன.

"ஹான்ஸ்," என்றது இளையவரின் குரல். "இது குழந்தைக் குழிதானே?"

மூத்தவரின் மண்வெட்டி களியில் விழுந்த சத்தம் கேட்டது.

"ஹான்ஸ். நாங்கள் கொண்டுவந்த பெட்டி போதாது."

யாரோ மூச்சை வாயால் இழுத்தார்கள். பீலிக்ஸ் படங்கை விலக்கினான். அவள் அவனுடைய கோட்டைப் பிடித்தாள், பிடி வழுக்கியது, பின்னாலேயே போனாள்.

குழி ஆழமில்லை. அடியில் தண்ணீர், சாம்பல் நிறம், அதன்மேல் வட்டவட்டமாகக் கொழுப்பு. சின்ன வெள்ளைப் பெட்டியின் பலகைகள் நாலு பக்கமும் சிதறிக் களியில் குத்தி நின்றன. உள்ளே இருந்து தள்ளியதுபோல். நடுவில் அது கிடந்தது. வெள்ளை. நீளம். மெழுகுதிரி உருகி உருகி மேலே மேலே வடிந்ததுபோல, திரண்டு, மடிப்பு மடிப்பாக. கை எது, கால் எது என்று சொல்ல ஏலாது. விரல்கள் மட்டும் தெரிந்தன. நீள நீளமாக. நகங்களோடு.

தலை சின்னது.

தலை வளரவில்லை. அவள் பதினொரு நாள் கையில் வைத்திருந்த அதே தலை, ஒரு சின்னத் தேங்காயின் அளவு, நூற்று அறுபது சென்ரிமீற்றர் மெழுகின் உச்சியில். நீலக் கம்பளித் தொப்பியின் இழைகள் நெற்றிக்குள் புதைந்திருந்தன. முகம் தெரியவில்லை. அது குழியின் பக்கச் சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

பீலிக்ஸ் முழங்காலில் விழுந்து சத்தியெடுத்தான். மூத்தவர், "திருமதி, வெளியே போங்கள்," என்றார். "போங்கள்." 

அவள் போகவில்லை. சுவரைப் பார்த்தாள்.

களிக்குள்ளிருந்து ஒரு கை வந்திருந்தது. பெரிய கை. வெள்ளை. அது பிள்ளையின் முதுகைச் சுற்றி வளைந்து, மெழுகோடு மெழுகாக ஒட்டியிருந்தது. அதற்குக் கீழே இன்னொன்று, வேறு ஒருத்தியுடையது, கால் பக்கத்தைத் தாங்கி. மற்றச் சுவரிலும். தலைமாட்டிலும். ஏழோ எட்டோ. மெலிந்தவை, தடித்தவை, ஒன்றில் மோதிரம். சேமக்காலை முழுவதும் பக்கத்துக் குழிகளிலிருந்து நகர்ந்து நகர்ந்து வந்து இந்தப் பிள்ளையைப் பிடித்துக்கொண்டிருந்தது.

பிள்ளையின் முகம் புதைந்திருந்த இடத்தில் சுவர் களியாக இருக்கவில்லை. வெள்ளையாக, வட்டமாக, மென்மையாகப் புடைத்திருந்தது. ஒரு மார்பு.

"எடுங்கோ," என்றாள் அன்ரனிற்றா. தமிழில் சொன்னாள். யாருக்கும் விளங்கவில்லை. "அவளை அதில இருந்து எடுங்கோ!"

அவள் குழிக்குள் இறங்கினாள். தண்ணீர் கணுக்காலுக்கு மேலே வந்தது. குளிரவில்லை. இளஞ்சூடு. இரண்டு கையையும் அந்தச் சின்னத் தலைக்குப் பின்னே கொடுத்தாள். விரல்கள் உள்ளே போயின, பட்டருக்குள் போவதுபோல. இழுத்தாள். வரவில்லை. காலை ஊன்றி மறுபடி இழுத்தாள். யாரோ பின்னால் கத்தினார்கள். சுவரிலிருந்த கைகள் ஒவ்வொன்றாக விடுபட்டன. உடையவில்லை. விட்டுக்கொடுத்தன.

சப்பென்ற ஒரு சத்தத்தோடு முகம் கழன்றது.

அவளுடைய மடியில் விழுந்தது. முழுப் பாரமும். சின்ன வெள்ளை முகம் அவளைப் பார்த்துத் திரும்பியது. கண் இருக்கவில்லை, மூடிய இமை மட்டும். பல்லில்லாத வாயின் ஓரத்தால் வெள்ளை வடிந்தது, கெட்டியாக, சூடாக, அவளுடைய மணிக்கட்டின் மேலே.

உதடுகள் குவிந்தன. விரிந்தன. குவிந்தன.

வெறும் காற்றைச் சப்பிக்கொண்டு, தலை மெல்ல மெல்ல அவளுடைய நெஞ்சுப் பக்கம் திரும்பத் தொடங்கியது.